அம்பாசடரில் இசுஸு இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் ஏற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவின் 1986 மாடல் மார்க் 4 அம்பாசடரில் 2011-இல் 1800 இசுஸு பெட்ரோல் இன்ஜினும் ஐந்து கியர் பாக்ஸும் ஏற்றினேன். இன்றும் பொள்ளாச்சியைச் சுற்றி அதில்தான் ஓட்டம். பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், கோயில் வாசல் என்று எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்வார், பிறகு கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள். அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

இன்ஜின் மாத்துறதுன்னா, அதைத் தூக்கிட்டு இதை வைக்கிறது தானுங்களே?

தூக்கி வைப்பது அரை நாள் வேலை. செயின் பிளாக் இருந்தால் காலையில் பழையது வெளியே வந்துவிடும், மாலையில் புதியது உள்ளே தொங்கும். அதன் பிறகுதான் மாதக்கணக்கில் வேலை. மவுண்டிங், கிளட்ச், கியர் பாக்ஸ், பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட், ரேடியேட்டர், சைலன்சர், ஆக்சிலரேட்டர் கேபிள், வயரிங், ஸ்பீடோமீட்டர் கேபிள் என்று இன்ஜினைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாமே மாறும் அல்லது திருத்தப்படும்.

அம்பாசடரின் பழைய பெட்ரோல் இன்ஜின் 1489 சிசி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரோடு இங்கிலாந்திலிருந்து வந்த வம்சம். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 73 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 89. குறுகலான, நீளமான சிலிண்டர். அதனால்தான் டாப் கியரில் மாட்டு வண்டிக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு அப்படியே இழுத்துக்கொண்டு போகும். இசுஸு 1817 சிசி. போர் 84, ஸ்ட்ரோக் 82. நன்றாகச் சுற்றவிட்டால் பலம் கொடுக்கும். குணமே வேறு. பழைய வண்டியின் மற்ற பாகங்கள் முதல் குணத்துக்காகச் செய்தவை என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எல்லாம் எளிதாகப் புரியும்.

பழைய இன்ஜினையே ஓவராயில் பண்ணினா போதாதுங்களா அண்ணா?

பத்துப் பேர் கேட்டால் ஏழெட்டுப் பேருக்குப் போதும் என்றுதான் சொல்கிறேன். ஊருக்குள் ஓட்டம், வாரத்தில் ஒரு நாள் தோட்டம், எப்போதாவது பழனி என்றால் நல்ல நிலையில் இருக்கும் 1489 தாராளமாகப் போதும். பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன.

‘வண்டி இழுக்கல’ என்று சொல்பவர்கள் முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம், பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால் குறை இன்ஜினில் இல்லாமல் இருக்கலாம். ஒரு தடவை நண்பர் ஒருவர் இன்ஜின் மாற்ற வந்தார். வண்டியைச் சமதரையில் விட்டு நியூட்ரலில் தள்ளினோம். இரண்டு பேர் தள்ளியும் அசையவில்லை. பின் பிரேக் ஷூ டிரம்மைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஷூவைச் சரிசெய்து, பாயிண்ட் இடைவெளி வைத்து, கார்புரேட்டரைக் கழுவியதும் வீட்டுக்குச் சந்தோஷமாகப் போய்விட்டார். பிளாக் வெடித்திருந்தாலோ, கிராங்க் இனி அரைக்க முடியாத அளவுக்கு ஏற்கெனவே அரைபட்டிருந்தாலோ, நெடுஞ்சாலை ஓட்டமே அதிகம் என்றாலோ மாற்றத்தைப் பற்றி யோசிக்கலாம்.

எத்தனையோ இன்ஜின் இருக்குதே, எல்லாரும் ஏன் இசுஸுன்னே சொல்றீங்க?

கம்பெனியே செய்த மாற்றம் என்பதால். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இந்த 1817 சிசி இன்ஜினை முதலில் கான்டெஸ்ஸாவிலும், 1990களில் ஐந்து கியர் பாக்ஸோடு அம்பாசடரிலும் போட்டது. அதே உடம்புக்குள் அதே இன்ஜின் எப்படி உட்கார வேண்டும் என்று உத்தர்பாரா தொழிற்சாலை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. பிராக்கெட்டிலிருந்து ரேடியேட்டர் ஹோஸ் வரைக்கும் அச்சு வார்த்த பாகம் உண்டு. நாமாக வளைத்து நெளித்துச் செய்வது குறையும்.

இன்றைய சின்னக் கார்களின் இன்ஜின் மலிவாகக் கிடைக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். அவை பெரும்பாலும் முன்சக்கரத்தை ஓட்டுபவை. இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும், கியர் பாக்ஸிலேயே டிஃபரன்ஷியலும் சேர்ந்திருக்கும். பின்சக்கரத்தை ஓட்டும் அம்பாசடருக்கு அந்த ஜோடி உதவாது.

கான்டெஸ்ஸா இன்ஜின் கைக்கு வந்திருக்கு. அதுவும் 1800 தானே, அப்படியே உட்காருமா?

இன்ஜின் ஒரே குடும்பம், ஆனால் வண்டி வேறு. கான்டெஸ்ஸாவின் உடம்பு வாக்ஸ்ஹால் விக்டர் வழியில் வந்தது. அதனால் வாங்கும் முன் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நான்கு இடம் அளந்துவிடுங்கள். இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பின் ஆழமான பகுதி முன்பக்கமா பின்பக்கமா, அது உங்கள் வண்டியின் முன் கிராஸ் மெம்பரில் இடிக்குமா, மவுண்டிங் கால்கள் எங்கே வருகின்றன, கியர் லீவர் எந்த இடத்தில் தரையைத் துளைக்கும். இடித்தால் சம்ப்பை மாற்றலாம். ஆனால் சம்ப் மாறினால் உள்ளே ஆயிலை உறிஞ்சும் குழாயும் சேர்ந்து மாற வேண்டும். அதை மறந்தால் ஆயில் ஏறாமல் பேரிங் போய்விடும்.

இன்ஜின், கியர் பாக்ஸ் மட்டும் வாங்கினா போதாதா? முழு வண்டி எதுக்கு?

நான் முதலில் அப்படித்தான் வாங்கினேன். சென்னை புதுப்பேட்டையில் தேடி இன்ஜின் ஒரு இடம், கியர் பாக்ஸ் ஒரு இடம். ஊருக்கு வந்து கிளட்ச் பிளேட்டைக் கியர் பாக்ஸ் ஷாஃப்டில் நுழைத்துப் பார்த்தால் பல் சேரவில்லை. பிளேட்டை மாற்றினால் பிரஷர் பிளேட் சேரவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் ஃப்ளைவீலின் ரிங்கைத் தொடவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணம்.

பிறகு ஓட்டம் முடிந்த ஒரு 1800 டாக்ஸியை, அதாவது கம்பெனியிலேயே இசுஸு இன்ஜினோடு வந்த அம்பாசடரை, முழுதாக வாங்கினேன். பாடி துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருந்தது, இன்ஜின் நன்றாக இருந்தது. அதிலிருந்து ஒரு ஜாடி நிறைய போல்ட்டு, மவுண்டிங், கிளட்ச் சாமான்கள், வயரிங் கட்டு, கியர் பாக்ஸின் பின் தாங்கி, ஜாயிண்ட் ஷாஃப்ட் எல்லாம் கிடைத்தன. இன்னொரு பெரிய லாபம், வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கலாம். தரையில் கிடக்கும் இன்ஜின் பேசாது. கழற்றும் முன் ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கூடவே டாக்ஸியின் பேப்பரையும் முழுதாக வாங்கிவிடுங்கள். ஏன் என்று ஆர்சி கேள்வியில் சொல்கிறேன்.

எனக்கு அந்த ஸ்டியரிங் கியர் தான் பிடிக்கும். பழைய நாலு கியர் பாக்ஸையே புது இன்ஜினுக்கு மாட்டலாமா?

ஆசை புரிகிறது. ஸ்டியரிங்கின் பக்கத்தில் கியர் போடும் சுகம் எனக்கும் பழக்கம். ஆனால் இரண்டின் போல்ட் துளைகளும் சேராது. இடையில் அடாப்டர் பிளேட் செய்ய வேண்டும், அங்கேதான் ஆபத்து. கியர் பாக்ஸ் ஷாஃப்டின் முனை பென்சில் மாதிரி மெலிந்து, கிராங்கின் பின்முனையில் இருக்கும் சின்ன பைலட் புஷ்ஷுக்குள் போய் உட்காரும். கட்டை விரல் கனம்கூட இல்லாத அந்த வெண்கல வளையம்தான் இரண்டும் ஒரே நேர்கோட்டில் சுற்ற வழி செய்கிறது. பிளேட் ஒரு இம்மி விலகினாலும் கிளட்ச் அதிரும், புஷ் தேயும், கியர் பாக்ஸின் முன் பேரிங் சத்தம் போடும். டயல் கேஜ் வைத்து மையம் பார்த்துச் செய்யும் லேத் ஆள் கிடைத்தால் முடியும். கேஜே இல்லாமல் ‘கண்ணுக்குச் சரியா இருக்கு’ என்று சொல்லும் இடத்தில் கொடுக்காதீர்கள்.

இசுஸு இன்ஜினோடு வந்த ஐந்து கியர் பாக்ஸையே போடுங்கள் என்பதுதான் என் பதில். லீவர் தரையில் வரும். அதற்குக் கை பத்து நாளில் பழகிவிடும். பழைய ஸ்டியரிங் கியரின் ராடுகளைத் துடைத்து எண்ணெய் போட்டு எடுத்து வையுங்கள்.

அப்போ தரையை வெட்டணுமா?

ஸ்டியரிங் கியர் வண்டி என்றால் லீவருக்கு ஓட்டை போட்டே ஆக வேண்டும். கியர் பாக்ஸை மூடும் தரை மேடு, அதாவது டன்னல், கொஞ்சம் உயர வேண்டியிருக்கலாம். லாரி, ஜீப் மாதிரி அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. அந்தத் தகரமே எலும்பு. அதனால் கேஸ் கட்டரால் எரித்து எடுக்காமல், கட்டிங் வீலால் அளவாக வெட்டி, விளிம்பை மடித்து, அதே கனத் தகரத்தில் மேடு செய்து முழுச் சுற்றும் வெல்டிங் வையுங்கள். வெல்டிங் வைக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றுவதோடு, தரை விரிப்பையும் கீழே போகும் பெட்ரோல் குழாயையும் பார்த்து விலக்கி வையுங்கள்.

ஜாயிண்ட் ஷாஃப்ட்டை வெட்டிச் சின்னதாக்கினா போதுமா? எவ்வளவு வெட்டறது?

1800 வண்டியின் ஷாஃப்ட் கிடைத்தால் முதலில் அதை மாட்டிப் பாருங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், நான்கு சக்கரமும் தரையில் நிற்கும்போது அளவெடுங்கள். ஜாக்கியில் தொங்கும்போது பின் ஹவுசிங் கீழே இறங்கிவிடும், அளவு தவறும். கியர் பாக்ஸுக்குள் நுழையும் ஸ்லிப் முனை முழுக்கவும் உள்ளே போய் முட்டக்கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓட இடம் இருக்க வேண்டும், ஏனென்றால் பள்ளத்தில் பட்டை மேலும் கீழும் ஆடும்போது ஷாஃப்ட் முன்னும் பின்னும் போய்வரும்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டியதும் பேலன்ஸ் செய்யாமல் மாட்டிவிட்டேன். அறுபது வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அறுபத்தைந்தில் காலுக்கு அடியில் ஒரு ரீங்காரம், எழுபதில் கண்ணாடி நடுங்கியது. இன்ஜின் மவுண்டிங், சக்கரம், டயர் என்று ஒரு மாதம் தேடினேன். கடைசியில் ஷாஃப்ட்டைப் பேலன்ஸிங் மிஷினில் ஏற்றியபோது பொட்டு மாதிரி ஒரு தகரத் துண்டை ஓரிடத்தில் ஒட்டினார்கள். அவ்வளவுதான், ரீங்காரம் நின்றது. கூடவே, இரு முனைகளிலும் இருக்கும் கிராஸ் மூட்டுகள் ஒரே நேரில் இருக்கும்படி வெல்டிங் வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கிரவுன் பினியனையும் மாத்தணும்னு ஒருத்தர் சொல்றாரு, வேண்டாம்னு ஒருத்தர் சொல்றாரு. எது சரி?

கிரவுனும் பினியனும் பின் அச்சின் நடுவில், ஷாஃப்ட்டின் சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பும் பல் சக்கர ஜோடி. முதலில் உங்கள் வண்டியில் அதன் விகிதம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கை இறக்கி, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். டயரிலும் ஜாயிண்ட் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 39-க்கு 8 பல், அதாவது 4.875. நான்குக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 37-க்கு 9 பல், 4.11.

இப்போது ஒரு கணக்கு. டயர் ஒரு சுற்றில் தோராயமாக 2 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 667 சுற்று. விகிதம் 4.875 என்றால் நாலாம் கியரில் இன்ஜின் 3250 சுற்று சுற்றும். பழைய வண்டி 80-ஐத் தாண்டினால் கத்துவது இதனால்தான். ஐந்தாம் கியர் 0.85 என்றால் அதே வேகத்தில் 2760-க்கு இறங்கிவிடும். விகிதத்தை 4.11 ஆக்கினால் நாலாம் கியரிலேயே 2740, ஐந்தாவதில் 2330.

ஆக, ஐந்தாம் கியர் வந்ததுமே பாதிப் பலன் கிடைத்துவிடுகிறது. முதலில் பழைய கிரவுனோடு ஒரு மாதம் ஓட்டுங்கள். பெரும்பாலும் தேசிய நெடுஞ்சாலை என்றால் 4.11-க்குப் போகலாம். மலை ஓட்டம் இருப்பவர்கள் போக வேண்டாம், ஆளும் மூட்டையும் ஏறியதும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கியர் குறைக்க வேண்டிவரும். நான் பழைய கிரவுனையே வைத்திருக்கிறேன். மாற்றுவதாக இருந்தால் கிரவுனும் பினியனும் ஜோடியாகவே மாற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும்.

இன்ஜின் மாத்தினப்புறம் ஸ்பீடோமீட்டர் முள் தப்பா காட்டுது

கேபிளை ஓட்டும் பல் சக்கரம் கியர் பாக்ஸில் இருக்கிறது. கியர் பாக்ஸோ கிரவுனோ மாறினால் கணக்கும் மாறும். போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பார்த்து 40, 60, 80-இல் எவ்வளவு வித்தியாசம் என்று எழுதிக்கொண்டு, மீட்டர் வேலை செய்பவரிடம் கொடுங்கள்.

பிரேக்கை அப்படியே விடலாமா? இன்ஜின் தானே மாறுது

விடக்கூடாது. இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். இன்ஜினுக்குப் பணம் கொடுக்கும் முன்பே பிரேக்கை முடித்துவிடுங்கள். 80-இல் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 100-இல் போகும் அதே வண்டியை நிறுத்த ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தியை பிரேக் விழுங்க வேண்டும். வேகம் கால் பங்குதான் கூடியது, ஆனால் டிரம்முக்குப் போகும் சூடு அப்படிக் கணக்காகக் கூடுவதில்லை.

மார்க் வண்டிகளில் நான்கு சக்கரமும் டிரம். ஆழியாறிலிருந்து வால்பாறை வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது புது இன்ஜின் ஆனந்தமாக ஏறியது. இறங்கும்போது பாதியில் பெடல் கல் மாதிரி ஆகி, எவ்வளவு மிதித்தும் வண்டி பிடிக்கவில்லை. சூட்டில் லைனிங் வழுக்கிவிட்டது. இரண்டாம் கியருக்கு இறக்கி, ஓரத்தில் மண்ணில் விட்டு நிறுத்தினேன். பின்சீட்டில் அம்மா இருந்தார். அடுத்த வாரமே பிந்தைய அம்பாசடரின் முன் டிஸ்க்கும் பூஸ்டரும் போட்டேன். மாஸ்டர் சிலிண்டரையும் அதற்கேற்ற ஜோடியாகவே போட வேண்டும், பழையதை வைத்து டிஸ்க் மட்டும் மாட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் பிடிப்பு ஒத்துப்போகாது. பழைய ரப்பர் ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள்.

வெயில் காலத்துல ஹீட் ஆகாதுங்களா?

1800-இன் ரேடியேட்டரோடு சேர்த்து, ஃபேனைச் சுற்றி இருக்கும் கூண்டுத் தகரத்தையும் போட்டால் ஆகாது. அந்தத் தகரம் இல்லாமல் ஓட்டுபவர்கள்தான் டிராஃபிக்கில் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது, வேண்டாம். சூடு ஏறாத இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

வயரிங்ல என்ன பெரிய வேலை? நாலு வயர் தானே

நாலு வயர்தான், ஆனால் பாதை முக்கியம். ஆரம்ப கால வண்டிகளில் டைனமோ இருக்கும், பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் எர்த் ஆகியிருக்கவும் கூடும். அப்படி இருக்கும் வண்டியில் இசுஸுவின் ஆல்டர்னேட்டரை மாட்டி பேட்டரியை இணைத்தால் அந்த நொடியே டையோடு போய்விடும். எர்த்தை நெகட்டிவுக்கு மாற்றி, ஆம்மீட்டர், ரேடியோ போன்றவற்றின் இணைப்பையும் திருப்பிய பிறகே இதை மாட்ட வேண்டும்.

இன்னொன்று, இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் தடித்த எர்த் பட்டை. இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு நேரடித் தொடர்பு இல்லை. பட்டையை மறந்தால் ஸ்டார்ட்டருக்கான மொத்தக் கரண்ட்டும் கிடைத்த வழியில் ஓடும். ஆக்சிலரேட்டர் கேபிள்தான் பல சமயம் அந்த வழி. சாவியைத் திருப்பியதும் கேபிளிலிருந்து புகை வந்தால் கேபிளை மாற்ற ஓடாதீர்கள், எர்த் பட்டையைப் பாருங்கள்.

கார்புரேட்டர் இன்ஜின் வாங்கவா, எம்பிஎஃப்ஐ வாங்கவா?

எம்பிஎஃப்ஐ, அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின், காலையில் ஒரே சாவியில் கிளம்பும், பெட்ரோலும் மிச்சம். ஆனால் டேங்கில் அழுத்தம் தரும் பம்பு, திரும்பி வரும் குழாய், கம்ப்யூட்டர் பெட்டி, அதன் முழு வயரிங் கட்டு, சென்சார்கள் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். முழு வண்டி வாங்குபவர்கள் மட்டும் அதை யோசியுங்கள். ஒரு வயர் வெட்டுப்பட்ட கட்டை வாங்கிவிட்டால் கண்டுபிடிக்க முடியாத நோயோடு வாழ வேண்டிவரும். மற்றவர்களுக்குக் கார்புரேட்டரே நல்லது.

எதுவானாலும் பெட்ரோல் போகும் ரப்பர் ட்யூப்களைப் புதிதாகப் போடுங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடுகிறது.

டீசல் போட்டா மைலேஜ் அள்ளும்ல?

கம்பெனியே போட்ட 1995 சிசி இசுஸு டீசல் நல்ல உழைப்பாளி, டாக்ஸி ஸ்டாண்டில் கேட்டால் சொல்வார்கள். ஆனால் கனம் அதிகம். முன்பக்கம் தாழும், டார்ஷன் பாரைச் சரிசெய்ய வேண்டும், ஸ்டியரிங் கனக்கும், அதிர்வு கூடும். பிரேக்கைப் பற்றி மேலே சொன்னது இதற்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஆர்சியில் இன்ஜினோடு எரிபொருளும் மாறுவதால் பேப்பர் வேலையும் கூடுகிறது. வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மிச்சமாகும் காசு செலவைத் திருப்பித் தராது.

ஆர்சி புக்ல இன்ஜின் நம்பர் மாறிடுமே, ஆர்டிஓ ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?

முதல் போல்ட்டைக் கழற்றும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்சி மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அங்கீகரிக்கப்பட்ட கிட் வைத்து சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரிக்கு மாறுவதற்குச் சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது. இன்ஜினை மாற்றினால் பதிவு அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் தெரிவித்து ஆர்சியைத் திருத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

நடைமுறையில், 1489-க்குப் பதில் இன்னொரு 1489 போடுவது, அதாவது அதே தயாரிப்பு, அதே வகை, எளிது. சிசி மாறும் மாற்றம் எளிதல்ல. எனக்கு 2011-இல் ஒப்புதல் கிடைத்தது, அதை வைத்து இன்று உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். இன்ஜின் வாங்கிய பில், பழைய டாக்ஸியின் ஆர்சி முறைப்படி ரத்தான சான்று, இன்ஷூரன்ஸ், கடன் இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆட்சேபமில்லாக் கடிதம் எல்லாம் கையில் இருக்கட்டும். ரத்தாகாத ஆர்சியில் அதே இன்ஜின் நம்பர் நின்றால் திருட்டு இன்ஜினோ என்ற கேள்வி வரும். ஒப்புதல் இல்லை என்று சொல்லிவிட்டால் ஓவராயில்தான் வழி, அதைப் பற்றி இரண்டாவது கேள்வியில் சொன்னது அப்படியே பொருந்தும்.

ரோட்ல யாருமே பானெட்டைத் திறந்து பார்க்கறதில்லையே? அப்படியே ஓட்டினா என்ன?

விபத்து நடக்கும் நாளில் பார்ப்பார்கள். இன்ஜின் நம்பர் சேரவில்லை என்றால் உங்கள் கிளெய்ம் நிற்காது. எதிரே வந்தவருக்குக் காயம் என்றால் அந்தப் பணமும் உங்கள் தலையில் வரலாம். சட்டத்தின் 182ஏ பிரிவில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. தனியார் கார் 15 வருடம் முடிந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போதும் இன்ஸ்பெக்டர் நம்பரைப் பார்ப்பார். அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. இனி ஒவ்வொரு வண்டிக்கும் இந்தப் புதுப்பித்தல் வந்துகொண்டே இருக்கும்.

எங்க தாத்தா வண்டி 1972 மாடல். அதுக்குப் போடலாமா?

போட வேண்டாம். 2021-இல் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டியைத் தனி வரிசை எண்ணோடு விண்டேஜாகப் பதியலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. இன்ஜினை மாற்றிய நாளோடு அந்த வாய்ப்பு போய்விடும். விண்டேஜாகப் பதிந்தால் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது என்பதும் உண்மை.

சட்டத்தை விடுங்கள். தாத்தா ஓட்டிய இன்ஜின் இன்னும் அதே உடம்பில் இருக்கிற வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. தினமும் ஓட்டத்தான் வேண்டும் என்றால், 80களிலோ 90களிலோ வந்த வேறொரு வண்டியை எடுத்து அதில் செய்யுங்கள்.

எவ்வளவு செலவு ஆகும், எத்தனை நாள் ஆகும்?

விலை ஊருக்கு ஊர் மாறுவதால் தொகை சொல்லவில்லை. விகிதம் சொல்கிறேன். என் மொத்தச் செலவில் டாக்ஸி வாங்கியது பாதிக்கும் குறைவு. மீதியை லேத், வெல்டிங், பிரேக், ரேடியேட்டர், வயரிங் எடுத்துக்கொண்டன. இரண்டு வாரம் என்று மெக்கானிக் சொன்னார், நான்கு மாதம் ஆனது. வேலையில் சுணக்கம் இல்லை, சாமான் தேடுவதிலேயே நாள் போனது. அதுவரைக்கும் ஓட்ட வேறு வண்டி இல்லாதவர்கள் ஆரம்பிக்காதீர்கள்.

வேலை முடிஞ்சு எடுத்ததும் எப்படி ஓட்டணும்?

முதல் நாள் இருபது கிலோமீட்டருக்குள், டூல் பாக்ஸோடு. திரும்பி வந்ததும் கீழே படுத்து டார்ச் அடித்து ஆயில், தண்ணீர், பெட்ரோல் கசிவைப் பாருங்கள். மவுண்டிங், ஜாயிண்ட் ஷாஃப்ட், கியர் பாக்ஸ் தாங்கி போல்ட்டுகளை முறுக்கியதும் ஒவ்வொன்றிலும் நட்டிலிருந்து தகரம் வரை வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் லூஸ் ஆகிவிட்டது என்று பார்த்ததுமே தெரியும். 500 கிலோமீட்டரில் இன்ஜின் ஆயிலையும் கியர் ஆயிலையும் மாற்றி, கோடுகளை எல்லாம் மறுபடி பாருங்கள். அப்புறம்தான் வெளியூர்.

பழைய இன்ஜினைக் காயலான் கடைக்குப் போட்டுடலாமா?

போடாதீர்கள். ஆர்சியில் முதலில் இருந்த நம்பர் அதில்தான் பொறித்திருக்கிறது. நாளைக்கு வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்ப நினைத்தாலோ, வாங்க வருபவர் கேட்டாலோ அது வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊற்றி, பிளக்கை மறுபடி மாட்டி, கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் துணி வைத்து அடைத்து, மரக்கட்டை மேல் தரையில் படாமல் வையுங்கள்.

மாதம் ஒருமுறை கிராங்கைக் கையால் அரைச் சுற்று திருப்ப வேண்டும், இல்லையென்றால் ரிங் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். மறக்காமல் இருக்க நான் அமாவாசை நாளை வைத்திருக்கிறேன். மாட்டுக் கொட்டகை ஓரத்தில் சாக்கு போர்த்தி நிற்கிறது. அப்பாவின் பழைய ஹேண்டிலை மாட்டித் திருப்பினால் நான்கு சிலிண்டரும் இன்னும் மூச்சு விடுகின்றன.